ஒரே நீலம், ஐந்து பெயர்கள்: கடல் நத்தைகளைப் பிரித்தறியும் கதை

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலை ஒட்டிய நாட்களில், சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் விரல் நீளம்கூட இல்லாத நீல நிற உயிர்கள் சில ஒதுங்கின. 'நீல டிராகன்' என்று செய்திகள் வந்தன. இந்த உயிர் உலகில் எங்கே கரை ஒதுங்கினாலும் செய்தியோடு ஓர் அறிவியல் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும்: கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்குள் எழும். இது அட்லாண்டிகஸ்தான் என்று எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? கிளாக்கஸ் என்ற பேரினத்தில் இன்று ஐந்து சிற்றினங்கள் இருக்கின்றன. ஐந்தும் நீலம். ஐந்தும் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, கடல் மேற்பரப்பில் மல்லாந்து மிதப்பவை.

மேலே போவதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றைத் தமிழில் 'கடல் அட்டை' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல் அட்டை என்றால் அது வேறு உயிர். நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவானது. பிடிக்கத் தடை உள்ளது. நாம் இங்கே பேசுவது ஓட்டை இழந்த நத்தைகளை. எனவே கடல் நத்தை என்றே எழுதுகிறேன். இவற்றில் பெரும் பிரிவுக்கு நூடிபிராங்க் என்று பெயர். 'திறந்த செவுள் உடையவை' என்பது அதன் பொருள்.

இப்போது கிளாக்கஸை நெருங்கிப் பார்ப்போம். மணலில் கிடக்கும்போது அது வெறும் நீலக் களிமண் துண்டு போலச் சுருங்கிக் கிடக்கும். அதைக் கையால் தொடக் கூடாது. ஃபைசேலியா போன்ற கொட்டும் உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களை வெடிக்க விடாமல் தன் உடலுக்குள் கடத்தி, நுனிகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு. ஒரு கரண்டியால் அள்ளி, கடல் நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விட்டால் மெல்ல விரியும். உடலின் இரு பக்கமும் கைகள் போன்ற மடல்கள் நீளும். ஒவ்வொரு மடலின் ஓரத்திலும் விரல்கள் போன்ற நீட்சிகள் விசிறியாக நிற்கும். செராட்டா என்பது அவற்றின் பெயர். நம் கண்ணுக்கு மேலே தெரிகிற அழகான நீலம் அதன் முதுகு இல்லை. காலும் வயிறும் உள்ள பக்கம். முதுகு கீழே இருக்கிறது, வெள்ளிச் சாம்பல் நிறத்தில். மேலே பறக்கும் பறவைக்கு நீலம் கடலோடு கலந்துவிடும். கீழே நீந்தும் மீனுக்கு வெள்ளி வானொளியோடு கலந்துவிடும்.

அந்தத் தட்டில் நாம் தேட வேண்டியது விரல்கள் முளைக்கும் இடத்தை. ஒரு மடலில் விரல்கள் எல்லாம் ஒற்றை வரிசையில், சீப்பின் பற்கள் போல நின்றால் அது அட்லாண்டிகஸ். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசையில், கொத்தாக நெருங்கி நின்றால் அது மார்ஜினேட்டஸ் வகை. அட்லாண்டிகஸ் 3 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், வாலும் நீளம். மற்றது சிறியது, வாலும் குட்டை. ஆனால் அளவை மட்டும் நம்பினால் குட்டி அட்லாண்டிகஸ் ஏமாற்றிவிடும். வரிசைதான் உறுதியான அடையாளம். நிறம் இங்கே எதையும் சொல்வதில்லை. திறந்த கடலில் மறைந்து வாழ வேண்டிய கட்டாயம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டது.

அட்லாண்டிகஸுக்கு 1777இல் ஃபார்ஸ்டர் பெயர் சூட்டினார். மார்ஜினேட்டஸ் 1864இல் வந்தது. அதற்குப் பின் 150 ஆண்டுகள் அது ஒரே சிற்றினம் என்றே இருந்தது. 2014இல் சர்ச்சில், வால்டெஸ், ஓ ஃபொய்கில் ஆகிய மூவர் பல கடல்களின் மாதிரிகளை எடுத்து மரபணுவையும் உடற்கூற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மார்ஜினேட்டஸ் நான்காகப் பிரிந்தது. புதிய மூன்றுக்கும் தாம்ப்சோனி, பென்னட்டே, மெக்ஃபார்லானை என்று பெயர்கள். இந்த உயிர்களைப் பற்றி முன்பு ஊன்றி எழுதிய ஆய்வாளர்களின் நினைவாக வைத்தவை இவை. மூன்றும் பசிபிக்கின் பெருஞ்சுழல் நீரோட்டங்களில் கிடைத்தவை. வெளியிலிருந்து பார்த்து இந்த நான்கையும் பிரிக்க முடியாது. இனப்பெருக்க உறுப்புகளைத் திறந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அப்படியானால் பெசன்ட் நகரில் எடுத்த ஒரு கைப்பேசிப் படம் எவ்வளவு தூரம் நம்மைக் கூட்டிச் செல்லும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்பது ஒவ்வொரு பேரினத்துக்கும் மாறுகிறது. கடல் நத்தைகளைப் பிரித்தறிவதில் நான் கற்ற முக்கியமான பாடம் இதுதான்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் அடையாளம் கிடையாது. ஒரு குழுவில் உயிராக இருக்கும் அடையாளம் அடுத்த குழுவில் வெறும் அலங்காரமாக இருக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. கடல் நத்தைக்கு ஓடு இல்லை. சிப்பியையும் சங்கையும் காயவைத்துப் பெட்டியில் வைத்தால் நூறு ஆண்டுகள் கழித்தும் ஒப்பிடலாம். கடல் நத்தையைச் சாராயத்தில் போட்டால் சில நாட்களில் நிறம் கரைந்துவிடும். மிஞ்சுவது வெளிறிய, சுருங்கிய ஒரு கட்டி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உட்கார்ந்து பெயர் சூட்டியவர்களில் பலர் பார்த்தது இந்தக் கட்டிகளைத்தான்.

இந்த இடத்தில் நம் கடற்கரை உள்ளே வருகிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் இருந்த காலத்தில், பிடித்த கடல் நத்தைகள் உயிரோடு இருக்கும்போதே உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் வரையச் செய்தார். (எலியட்ஸ் கடற்கரைக்குப் பெயர் தந்தவர் இவரல்ல, அவர் வேறொரு எலியட்.) ஓவியங்களும் சாராயத்தில் இட்ட மாதிரிகளும் இங்கிலாந்துக்குப் போயின. ஆல்டர், ஹான்காக் என்ற இரு நிபுணர்கள் அவற்றை வைத்து 1864இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வந்த புதிய பெயர்களில் ஒன்று கலிங்கா ஓர்னாட்டா. இன்னொன்று எலியட்டின் பெயரைத் தாங்கிய பிளாட்டிடோரிஸ் எலியோட்டி. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட், திருகோணமலைக் கடலில் கிடைத்த நத்தைகளை விவரித்தார். அவரும் படங்கள் வரைந்து வைத்தார். வெண்ணிற உடலில் கருவளையங்கள் கொண்ட ஜோருன்னா ஃபியூனெப்ரிஸ் அவர் 1859இல் பெயரிட்டது. இந்திய, பசிபிக் கடல்களின் முக்குளிப்பாளர்கள் இன்றும் அதை முதல் பார்வையிலேயே அடையாளம் காண்கிறார்கள்.

பின்னர் சார்ல்ஸ் எலியட் என்ற மூன்றாவது எலியட், 1906இல், கெலார்டின் ஓவியங்களையும் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்டர், ஹான்காக் மாதிரிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு தென்னிந்திய, இலங்கை நத்தைகளை மறுபடி ஆராய்ந்தார். அந்த வேலையை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் நிறம் உள்ள, ஆனால் அறுத்துப் பார்க்க முடியாத படம். மறுபக்கம் அறுத்துப் பார்க்கக்கூடிய, ஆனால் நிறம் போன உடல். இரண்டும் ஒரே உயிர்தானா என்பதை இவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வால்டேரில் உட்கார்ந்து தூரிகை பிடித்த அந்த ஓவியர்கள் இல்லாவிட்டால் வங்கக் கடல் நத்தைகளின் பல பெயர்கள் வெளிறிய கட்டிகளை மட்டுமே நம்பி நின்றிருக்கும்.

சரி, நிறம் கையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அமெரிக்க மேற்குக் கரையில் நடந்ததைப் பார்க்கலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை இது.

ஹெர்மிசெண்டா என்றொரு நத்தை. ஏறக்குறைய ஒளி ஊடுருவும் உடல், தலையிலிருந்து முதுகு வழியாக ஓடும் ஆரஞ்சுக் கோடு, அதன் ஓரங்களில் மின்னும் நீலக் கோடுகள், முதுகெங்கும் அடர்ந்த செராட்டா. அலாஸ்காவின் சிட்காவில் கிடைத்ததற்கு 1831இல் எஷ்ஷோல்ட்ஸ் 'கிராசிகார்னிஸ்' என்று பெயர் வைத்தார். 1860களில் கலிஃபோர்னியாவில் கிடைத்ததற்கு கூப்பர் 'ஓப்பலசென்ஸ்' என்று பெயர் வைத்தார். 1937இல் ஜப்பானில் பாபா 'எமுராய்' என்று இன்னொன்றை விவரித்தார். பின்னால் வந்தவர்கள் மூன்றையும் பார்த்து, இவை ஒரே உயிரின் நிற மாறுபாடுகள்தான் என்று முடிவு செய்தார்கள். மூத்த பெயரான கிராசிகார்னிஸ் நிலைத்தது, மற்ற இரண்டும் அடியில் போயின. அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை, அங்கிருந்து கடல் தாண்டி ஜப்பான் வரை ஒரே சிற்றினம் என்று புத்தகங்கள் சொல்லின.

அவர்களின் முடிவுக்கு நியாயமான காரணமும் இருந்தது. செராட்டாவின் உள்ளே நத்தையின் செரிமானச் சுரப்பி கிளை விட்டுப் போகிறது. தோல் மெல்லியது. ஆகவே தின்ற உணவின் நிறமே வெளியே தெரியும். இன்று பழுப்பாக இருப்பது வேறு இரையைத் தின்றபின் ஆரஞ்சாகத் தெரியலாம். செராட்டாவின் நிறத்தை வைத்துச் சிற்றினம் பிரிப்பது நம் நாக்கின் வெற்றிலைச் சிவப்பை வைத்து ஊர் சொல்வதைப் போன்றது என்று அவர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள்.

இதற்கிடையில் இந்த நத்தை உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1970களில் டேனியல் ஆல்கனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் நினைவு எப்படி உருவாகிறது என்பதை ஆராய இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹெர்மிசெண்டா இயல்பாக ஒளியை நோக்கி நகரும். அலை கலங்கினால் தரையை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆய்வகத்தில் அதைக் குழாய்க்குள் வைத்து, விளக்கு எரியும் அதே நேரத்தில் சுழல்மேசையைச் சுற்றினார்கள். பலமுறை இப்படிச் செய்தபின், சுழற்றாமல் விளக்கை மட்டும் காட்டினாலும் நத்தை ஒளியை நோக்கிப் போகத் தயங்கியது. அதாவது, ஒளி என்றால் கலக்கம் என்று கற்றுக்கொண்டது. அதன் ஒரு கண்ணில் இருப்பவை ஐந்தே ஒளி உணர் செல்கள். அதனால் அந்தக் கற்றல் எந்தச் செல்லில், எந்த மின்னோட்ட மாற்றமாகப் பதிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ஏராளமான ஆய்வுகள் வெளிவந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: ஹெர்மிசெண்டா கிராசிகார்னிஸ்.

2016இல் லிண்ட்சே, வால்டெஸ் இருவரும் பல கடற்கரைகளிலிருந்து மாதிரிகள் சேர்த்து மைட்டோகாண்டிரியா மரபணுக்களையும் உட்கரு மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மூன்று தெளிவான குழுக்கள் கிடைத்தன. அடியில் போன இரண்டு பெயர்களும் மீண்டும் மேலே வந்தன. வடக்கே அலாஸ்காவிலிருந்து வடக்குக் கலிஃபோர்னியா வரை கிராசிகார்னிஸ். அங்கிருந்து தெற்கே மெக்சிகோ வரை ஓப்பலசென்ஸ். ஆசியக் கரையில் எமுராய். அந்தக் குழுக்களை வைத்துக்கொண்டு மறுபடியும் உயிர்களைப் பார்த்தபோது, அடையாளம் கண்ணெதிரே இருந்தது. கிராசிகார்னிஸின் ஒவ்வொரு செராட்டாவிலும் நெடுக்காக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஓப்பலசென்ஸில் அந்தக் கோடு இல்லை. நுனி மட்டும் வெள்ளை.

அந்தக் கோட்டை யாரும் பார்க்காமல் இல்லை. முக்குளிப்பாளர்கள் எடுத்த படங்களில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் செராட்டாவின் நிறமே நிலையற்றது என்ற பொது விதிக்குள் அதையும் சேர்த்துவிட்டார்கள். உள்ளே தெரியும் பழுப்பு உணவிலிருந்து வருவது; வெள்ளைக் கோடோ தோலிலேயே இருக்கும் நிறமி. ஒரே உறுப்பில் ஒன்று மாறுவது, மற்றொன்று மாறாதது. எது எது என்று பிரித்துக் காட்ட மரபணு தேவைப்பட்டது. அதன் பிறகு சாதாரணக் கண்ணே போதும். ஆய்வகங்களுக்குப் போன நத்தைகளில் பெரும்பகுதி கலிஃபோர்னியாக் கடலிலிருந்து பிடித்தவை. அப்படியானால் கிராசிகார்னிஸ் என்ற பெயரில் வெளிவந்த நினைவு ஆய்வுகளில் பல உண்மையில் ஓப்பலசென்ஸின் மூளையைப் பற்றியவை.

கதை அதோடு நிற்கவில்லை. 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஓப்பலசென்ஸ் கனடாவின் வான்கூவர் தீவு வரை வடக்கே இருப்பதைக் காட்டியது. அதாவது இரண்டும் சேர்ந்து வாழும் பகுதி முன்பு நினைத்ததைவிட மிகப் பெரியது. பெயர் ஒன்றாகவே இருந்திருந்தால் அந்தப் படம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. கடல் சூடாகும் காலத்தில் எந்த உயிர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் இரண்டையும் இரண்டு என்று எண்ணியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, நிறத்தை நம்பலாம் போலிருக்கிறது என்று நினைத்தால் குரோமோடோரிஸ் நம்மைத் தடுத்து நிறுத்தும். இந்தோ பசிபிக் பவளப் பாறைகளில் அதிகம் படமெடுக்கப்படும் நத்தைகள் இவை. நீலம் அல்லது வெள்ளைப் பின்னணியில் கருங்கோடுகள், ஓரத்தில் ஆரஞ்சு. கையேடுகள் தரும் அடையாளங்கள் நுணுக்கமானவை, பல நேரம் பயனுள்ளவையும்கூட. வில்லானி என்ற சிற்றினத்தின் செவுள்களிலும் மோப்பக் கொம்புகளிலும் வெண்பொடி தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். லோக்கியில் அவை இல்லாமல் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அன்னேயின் நீலப் பரப்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். எலிசபெத்தினாவின் நீலம் தெளிவானது.

2018இல் லேட்டன், கோஸ்லைனர், வில்சன் மூவரும் இந்தப் பேரினத்தை மரபணுவால் அலசியபோது, நிறக்கோலம் எதிர்பார்த்ததைவிட வளைந்து கொடுக்கிறது என்று தெரிந்தது. ஒரே சிற்றினம் வெவ்வேறு கடல்களில் வெவ்வேறு கோலத்தில் இருக்கிறது. அங்கே வாழும் அண்டை வீட்டாரைப் போல உடுத்திக்கொள்கிறது. ஒரே கோலம் கொண்டவை நெருங்கிய உறவினராக இல்லாமலும் இருக்கின்றன. இதுவரை பெயர் பெறாத சிற்றினங்களும் பழைய பெயர்களுக்குள் ஒளிந்திருந்தன.

ஏன் இப்படி? காரணம் இவற்றின் உணவில் இருக்கிறது. குரோமோடோரிஸ் தின்பது கடற்பஞ்சு. அதிலுள்ள லாட்ரன்குலின் ஏ என்ற கடும் நச்சை எடுத்துத் தன் மேலாடை விளிம்பில் சேமிக்கிறது. ஐந்து சிற்றினங்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில் ஐந்துமே விளிம்பில் இந்த ஒரே நச்சை வைத்திருந்தன. கோடுகளும் நிறமும் மீனுக்கு விடுக்கும் எச்சரிக்கை. ஓர் இடத்தில் வாழும் நச்சு நத்தைகள் எல்லாம் ஒரே பலகையை மாட்டிக்கொண்டால், மீன் ஒன்றைக் கடித்துத் துப்பியதுமே மற்றவையும் தப்பிக்கும். கிளாக்கஸில் ஒளிந்துகொள்ளும் தேவை ஒரே நிறத்தைத் தந்தது. இங்கே கண்ணில் படும் தேவை ஒரே கோலத்தைத் தருகிறது. இரண்டு இடத்திலும் நிறத்தை நம்பி உறவு சொல்ல முடியாது.

மீன் எதைப் பார்க்கிறது என்பதும் நாம் பார்ப்பதோடு ஒத்துப்போவதில்லை. கிழக்கு ஆஸ்திரேலியாவில் கோனியோபிராங்கஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்ற நத்தைக்கு வெள்ளை உடலில் சிவப்புப் புள்ளிகளும் சுற்றிலும் மஞ்சள் கரையும் உண்டு. மனிதக் கண் முதலில் சிவப்பைத்தான் பிடிக்கும். ஆனால் சிவப்புப் புள்ளிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன, மஞ்சள் கரை மாறுவதில்லை. கிளாத்தி வகை மீன்களைப் பழக்கிச் சோதித்தபோது அவை மஞ்சள் கரையை வைத்தே தவிர்க்கக் கற்றுக்கொண்டன. இது 2017இல் வெளியானது. எது மாறாமல் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அது யாருக்காக மாறாமல் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் மரபணுவே கடைசித் தீர்ப்பா? அதுவும் இல்லை. மைட்டோகாண்டிரியா தாய்வழி மட்டும் வருவது. அது சொல்வது பாதிக் குடும்பத்தின் வரலாறு. அதனால்தான் கவனமான ஆய்வுகள் உட்கரு மரபணுவையும் சேர்க்கின்றன, இனப்பெருக்க உறுப்பையும், அரம் போன்ற பற்கள் நிறைந்த பல்நாக்கையும் பார்க்கின்றன. கிளாக்கஸ் அட்லாண்டிகஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்டங்கள் குறுக்கே நிற்பதால் வெவ்வேறு பெருங்கடல்களின் கூட்டங்களுக்கு இடையே மரபணு வேறுபாடு இருப்பதாக அதே சர்ச்சில் குழு காட்டியது. ஆனாலும் அதை அவர்கள் உடைக்கவில்லை, ஒரே சிற்றினமாகவே வைத்தார்கள். எவ்வளவு வேறுபாடு போதும் என்பதை எண் மட்டும் சொல்லிவிடாது. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெசன்ட் நகர் படத்துக்குத் திரும்புவோம். தண்ணீரில் விரிந்த நிலையில் எடுத்த படம், மடலில் விரல்கள் ஒற்றை வரிசை என்று தெரிகிறது என்றால், அட்லாண்டிகஸ் என்று துணிந்து எழுதலாம். விரல்கள் கொத்தாக இருந்தால், 'மார்ஜினேட்டஸ் குழு' என்று எழுதி அங்கேயே நிறுத்த வேண்டும். மணலில் சுருண்டு கிடக்கும் படம் மட்டுமே இருந்தால் 'கிளாக்கஸ்' என்பதே முழு உண்மை. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் கரையில் அந்த நீலத்தைப் பார்ப்பவர்கள் ஒரு வெள்ளைத் தட்டும் கரண்டியும் கொண்டு போனால் போதும். நீரில் விட்டு, விரியும்வரை காத்திருந்து, மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், ஒரு மடலை மட்டும் நெருக்கமாக ஒரு படம். பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம். நாள், இடம், காற்றின் திசை, கூடவே ஒதுங்கியிருந்த கொட்டும் உயிர்கள் எவை என்ற குறிப்பு. இறந்துபோனது கிடைத்தால், ஆராய்ச்சி நிலையம் எதற்காவது அதைத் தரமான எத்தனாலில் இட்டுக் கொடுக்கலாம். நிறம் போய்விடும், மரபணு இருக்கும். நிறம் ஏற்கெனவே படத்தில் பதிந்திருக்கிறது. வால்டேரில் ஓவியம் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகக் கப்பலேறியதே, அதே ஜோடிதான் இதுவும்.